மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறிய வருஷம்

ஸ்டெல்லா காலனியின் மேல்தொட்டிக்குள் அது வந்து விழுந்தது ஒரு தவக்காலத்துப் புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரைக்கு, நான் சாளைக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த நேரம். சத்தத்தைக் கேட்டுத் தொட்டிதான் இடிந்துவிட்டது என்று மூன்று மாடிக்காரர்களும் மொட்டை மாடிக்கு ஓடினோம், புளிக்கையோடு நானும் ஓடினேன், தொட்டி இடியவில்லை, அதற்குள் ஒரு மெத்தை அகலத்துக்குச் சொறிமீன் மாதிரி வெளுத்து, உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிய, ஆறு கையோடு ஒன்று மல்லாந்து கிடந்தது. ஆறு கையிலும் விரல் கிடையாது, உள்ளங்கை மட்டும். செக்ரெட்டரி பால்துரை துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசந்தான தொட்டியக் கழுவுனோம்" என்றார்.

"கழுவுனது நீங்களா, நாங்களா?" என்று நான் கேட்டேன்.

இந்த அதிசயத்தைப் பற்றி எங்கள் காலனியில் பேசப்பட்ட முதல் இரண்டு வாக்கியங்கள் இவைதான். வேறு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதைக் கீழே இறக்க எட்டுப் பேர் வந்தார்கள், தூக்குவதற்கு அல்ல, பறந்துவிடாமல் பிடிப்பதற்கு. அவ்வளவு லேசு. மூன்றாம் மாடி ஜைனம்பு ஒரு ஓரத்தைப் பிடித்தபோது அதன் உள்ளங்கை அவள் உள்ளங்கையில் ஒட்டியது, ஒட்டியதும் அவளுக்குப் பேச்சு புரிந்தது, காதில் கேட்கிற மாதிரி இல்லை, மருதாணி வைத்த கை மறுநாள் வாசம் அடிக்கிற மாதிரி. "ஏங்க்கா, இது செத்துக்கிட்டு இருக்காம்," என்றாள் ஜைனம்பு. "நம்ம ஊருக் காத்து ரொம்ப நைஞ்சு கெடக்காம். இதுக்கு அழுத்தம் வேணுமாம்."

அதன் ஊர் எது என்று கேட்டவர்களுக்கு அது மேலேயும் காட்டவில்லை கீழேயும் காட்டவில்லை, கையை இன்னும் கொஞ்சம் அழுத்தியது, அழுத்தினால் தெரிந்தது: அங்கே வானம் என்பது ஆட்டுக்கல்லின் மேல் குழவி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஊரின் மேல் உட்கார்ந்திருக்கும், காற்று நம் கடலடியை விடக் கனமாக இருக்கும், மலை உச்சியில் உருகிய ஈயம் பனியாக விழும், மழை பெய்தால் தரைக்கு வருமுன்னே வெந்து ஆவியாகும்; அங்கே யாரும் கீழே விழுந்ததில்லை, எதையும் எறிந்ததில்லை, கட்டிப்பிடிப்பதற்கும் பருவநிலைக்கும் ஒரே வார்த்தை; ஒருத்தர் இடம்விட்டு எழுந்தால் அந்த இடத்தைக் கனமான காற்று அப்போதே வந்து நிரப்பிவிடும், அதனால் போனவர்களின் இடம் என்று ஒன்று அங்கே கிடையாது.

"எல்லாஞ் சரி, இங்க எதுக்கு வந்துச்சு?" என்றேன். அதை அது கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, கேட்க நேரம் இல்லாமல் வேலை வந்துவிட்டது.

அழுத்தம் வேண்டும் என்றால் என்ன செய்வது, பால்துரை உப்பளத்திலிருந்து பதினாறு மூட்டை உப்பைக் கொண்டுவந்து அதன் மேல் அடுக்கச் சொன்னார். மூட்டைகளின் கீழ் அது இன்னும் விரிந்தது, ஓரங்கள் அப்பளம் மாதிரி சுருண்டன. வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மனிதர்கள் மேல் அதற்கு ஒரு ருசி இருக்கிறது என்று கண்டுபிடித்தது முதல் மாடிக் கனி டீச்சரின் பூனைதான் என்று சொல்வேன், ஏனென்றால் பூனையைத் துரத்திக்கொண்டு டீச்சர் அதன் பக்கத்தில் போய் நின்றபோதுதான் அது ஒரு கட்டில் அகலத்திலிருந்து ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியது, நல்ல நிறம் வந்தது, மூச்சு சீரானது. டீச்சர் தள்ளிப் போனாள், அது விரிந்தது. டீச்சர் கிட்டே வந்தாள், அது சுருங்கியது. டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுத்தம் என்றால் நாங்கள் எந்த அர்த்தத்தில் சொல்வோமோ அந்த அழுத்தம். வாயைத் திறக்காமல் உள்ளேயே போட்டு வைத்திருக்கிறவர்களை அழுத்தக்காரி, அமுக்குணி என்று சொல்வோமே, அது.

அதற்கு அமுக்குணி என்றே பெயர் வைத்தோம்.

அடுத்த பத்து நாள் காலனியில் நிம்மதி இல்லை. முறை போட்டு வீட்டுக்கு ஒரு நாள் என்று வைத்தார்கள். வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்தது, யார் வீட்டில் அமுக்குணி சுகமாகத் தூங்குகிறதோ அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. பால்துரை வீட்டில் அது ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கிக் குறட்டை விட்டது, அவர் சம்சாரம் மூன்று நாள் அவருக்குச் சோறு போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் அது விரிந்தால் பெருமைப்பட்டார்கள், பிறகு அதுவே அவமானமாகவும் போயிற்று, 'அவங்க வீட்டுல மறைக்கக்கூட ஒண்ணும் இல்ல' என்று பேச்சு வந்தது. தரைத் தளத்து என் வீட்டுக்கு வந்தபோது பத்து நிமிஷத்தில் அது ஹால் முழுவதும் பரவி, கூரை விசிறியில் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே போகப் பார்த்தது. என் வீட்டுக்காரர் இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒன் வாய்க்கு அது எங்க தாங்கும்? ஓட்டச் சட்டியில தண்ணி நிக்குமாட்டி?"

நான் கான்வென்ட்டில் படித்தவள், தமிழில் பேசினால் முழங்கால் போட வேண்டும், இங்கிலீஷில் பேசினாலும் அதிகம் பேசியதற்கு முழங்கால் போட வேண்டும். பத்து வருஷம் முழங்கால் தேய்ந்தும் என் நாக்கு தேயவில்லை. மனசில் வந்தது வாயில் வரும், வாயில் வந்தது தெருவில் போகும். அதை ஒரு குறையாக எனக்குக் காட்டிக் கொடுத்தது ஆறு கை வைத்த அந்தப் பண்டம்தான். அதனால் ஆரம்பத்திலிருந்தே எனக்கும் அதற்கும் ஆகாது.

பதினோராம் நாள் அது இரண்டாம் மாடிக்கு, லூர்து அக்கா வீட்டுக்குப் போயிற்று. பிறகு வேறெங்கும் போகவில்லை.

லூர்து அக்கா என் ஓரகத்தி, இன்னாசியின் அண்ணன் சூசையைக் கட்டியவள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் சூசை அத்தான் கப்பலுக்குப் போகிறேன் என்று பெட்டியோடு போனார், ஆறு மாதத்தில் கப்பல் வந்தது, பெட்டியும் வரவில்லை ஆளும் வரவில்லை. அந்நிய ஊரில் வேறு குடித்தனம் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். லூர்து அக்கா கேட்டாள், எழுந்து போனாள், அரிசி களைந்து உலையில் போட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை, பூசையில் 'விசுவசிக்கிறேன்' ஜெபம் சொல்வதற்குத் தவிர அந்த வாய் திறந்து நான் பார்த்ததும் குறைவு. அவள் வீட்டு வாசலைத் தாண்டியதும் அமுக்குணி தேங்காய் அளவுக்குச் சுருங்கியது, பனம்பழக் கறுப்பு வந்தது, தொப்பென்று விழுந்தது, விழுந்த இடத்தில் டைல்ஸ் நாலாக வெடித்தது.

அதே நேரத்தில் மூன்றாம் மாடியில் ஜைனம்பு வீட்டுக் குழாய், வீடு கட்டிய நாளிலிருந்து காற்றை மட்டுமே கொட்டிய குழாய், புஸ் என்று சீறி, துருவைத் துப்பி, தண்ணீரைக் கொட்டியது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிறோம், நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், வந்தாலும் தரைத் தளத்தைத் தாண்டாது, மோட்டார் போட்டால் புகை வரும். எங்கள் ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்க மாட்டோம், பிரஷர் இருக்கா என்றுதான் கேட்போம். ஜைனம்பு பத்து வருஷமாக இரண்டு இடுப்பிலும் குடம் வைத்து ஏறியவள். அன்றைக்கு அவள் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்து, "வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்தினாள், பிள்ளை பிறந்த வீட்டில் கத்துகிற மாதிரி.

ஆக லூர்து அக்கா வாயை மூடியிருக்கிற வரைக்கும் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறும். அதை ஊர் எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். யாரும் அவளிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆயிற்று. சவுக்கியமா என்பதும் கேள்விதான் என்று அதையும் நிறுத்தினார்கள். மீன்காரி அவள் கைகாட்டிய மீனை விலை பேசாமல் வெட்டிக் கொடுத்தாள். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் வந்தபோதுதான் எல்லாரும் யோசித்தார்கள். அவள் மட்டும் சாமியாரிடம் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்? பால்துரை ஒரு மனு எழுதினார், முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள், இந்துக்களும் துலுக்கர்களும் போட்டார்கள், 'மேற்படி லூர்து அவர்களுக்கு இந்த வருஷம் மட்டும் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கு அளிக்குமாறு' என்று. பங்குச்சாமியார் மனுவை இரண்டு தடவை படித்தார், கோவில் குழாயைத் திறந்து பார்த்தார், அங்கேயும் தண்ணீர் வேகமாகத்தான் வந்தது. "ஆண்டவருக்குத் தெரியாததா" என்று மனுவை மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. அமுக்குணி தேங்காயிலிருந்து நுங்கு அளவுக்கு வந்தது. தண்ணீரின் வேகம் கூடியது. ஜைனம்பு வீட்டில் ஷவர் வைத்தாள், மொட்டை மாடியில் முருங்கை நட்டார்கள். ஆனியில் அது எலுமிச்சை அளவுக்கு வந்தது, இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாத கனம், லூர்து அக்கா மட்டும் அதை ஒரு கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்வாள். ஒரு நாள் தெருக்குழாய் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பித் தபால்காரர் தொப்பியைத் தட்டிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு மட்டும் கை வரவில்லை. சிஸ்டர் பெனிட்டா எட்டாம் வகுப்பில் போட்ட கணக்கு ஒன்று திடீரென்று நினைவு வந்தது, விசையைப் பரப்பால் வகு, வருவது அழுத்தம். அழுத்தம் கூடினால் ஒன்று இடம் சுருங்க வேண்டும் அல்லது பாரம் கூட வேண்டும். சூசை அத்தான் போனது பதினாலு வருஷத்துக் கதை. பழைய பாரம் இருக்கும், ஆனால் வளராது. வாரத்துக்கு வாரம் வளர்கிறதென்றால் லூர்து அக்காவுக்குள் புதிதாக ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

போய் அவளையே கேட்டேன். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வலது கையால் மட்டும். இடது கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"ஏன்க்கா, அந்தக் கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா தூக்கு பாப்போம்."

"சும்மா இருளா."

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் போனேன், கெஞ்சினேன், வைதேன், செத்துப்போன மாமியாரை இழுத்தேன், ஓடிப்போன அத்தானை இழுத்தேன். கல்லில் தண்ணீர் ஊற்றினாலாவது கல் நனையும். நாலாம் நாள் படிக்கட்டில் பால்துரையும் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்களும் நின்றார்கள், குடத்தோடு நின்றார்கள், பழக்க தோஷம்.

"யம்மா, பெர்னத்தம்மா," என்றார் பால்துரை, "அவங்கள எதுக்குத் தோண்டுதீய? தண்ணி விஷயம் பாத்துக்கிடுங்க."

"அவ ஒடம்புக்கு என்னமோ ஆகுது. ஒங்களுக்குத் தண்ணியா?"

"ஒடம்புக்குன்னா அவங்களே சொல்ல மாட்டாங்களா?"

"அவ சொல்ல மாட்டான்னுதான நீரு மனு எழுதுனீரு, செக்ரெட்டரி?"

ஜைனம்பு மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மறுபடி கொடம் தூக்குதேங்க்கா," என்று மெதுவாகச் சொன்னாள். வேறு யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை, தரைத் தளத்தில் இருக்கிறவளுக்கு இரண்டு இடுப்பின் வலி என்ன தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் லூர்து அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டேன், அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன், ஒன்றும் பேசவில்லை. பேசி ஆகாததைப் பேசாமல் பார்ப்போம் என்று திட்டம் போட்டெல்லாம் இல்லை, எனக்குள் இருந்த வார்த்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவள் வெங்காயம் உரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி அடித்தது, இரண்டு அடித்தது. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அடிக்கடி பார்த்தாள், மழை வரும் என்று நினைத்து வராத வானத்தைப் பார்க்கிற மாதிரி. அவள் மடியில் கிடந்த அமுக்குணி அதுவரைக்கும் ஒருநாளும் இல்லாதபடி என் பக்கம் ஒரு கையைத் திருப்பியது. கோவிலில் மூன்று மணி அடித்தபோது லூர்து அக்காவின் கத்தி நின்றது.

"ஏளா, ஏதாவது பேசித் தொலையேன்," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

நான் பேசவில்லை.

"எடது பக்கம்," என்றாள். "போன வருஷம் கோவில் கொடியேத்துறதுக்கு முன்னாடி பயறு மாதிரி இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்கா." அவள் என் கையை எடுத்து, ரவிக்கைக்கு மேலேயே வைத்துக் காட்டினாள். அமுக்குணி சுருங்கிச் சுருங்கி எலுமிச்சைக்கு வந்திருந்தது, இது வளர்ந்து வளர்ந்து எலுமிச்சைக்கு வந்திருந்தது. "வலிக்கும்போது அது கைய வச்சு அமுத்தும், வலி போயிரும். பதினாலு வருசத்துல என்னத் தொட்டது அது ஒண்ணுதான். நான் வாயத் தொறந்தா அது செத்துருமேளா."

சொல்லி முடிப்பதற்குள் அமுக்குணி அவள் மடியிலிருந்து கிளம்பியது, எலுமிச்சை நுங்காயிற்று, நுங்கு தேங்காயாயிற்று, தேங்காய் தலையணையாகிப் பாயாகி மெத்தையாகிக் கூரை முழுதும் வெள்ளையாக விரிந்து ஒட்டிக்கொண்டது. வெளியே படிக்கட்டில் குடங்கள் உருண்டன. "நின்னுட்டு! தண்ணி நின்னுட்டு!" என்று யாரோ அழுதார்கள்.

அது சாகவில்லை. மூன்று நாள் கூரையில் கிடந்து முனகியது, மூன்றாம் நாள் ஒரு கையைக் கொசுவலைக் கயிறு மாதிரி கீழே தொங்கவிட்டு லூர்து அக்காவின் உள்ளங்கையைத் தொட்டது. விரிந்தால் சாவு என்றுதான் அதன் ஊரில் எல்லாரும் நம்பினார்களாம், விரிந்து பார்த்தவர்கள் யாரும் இல்லாததால். வலித்ததாம். அப்புறம் காற்று தெரிந்ததாம்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை படம் எடுத்தார்கள், எத்தனை ஊசி குத்தினார்கள், ஒரு வாரம் அலைந்தோம்; கடைசியில் அந்த டாக்டரம்மா, என் மகள் வயசுதான் இருக்கும், லூர்து அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். முதுகெலும்புக்கும் போயிருக்கிறது, ஈரலுக்கும் போயிருக்கிறது என்றாள். முழுசாக எடுக்க முடியாது, மருந்து ஏற்றினால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தள்ளலாம், கடுமையான மருந்து, அவங்களே தெரிஞ்சு சம்மதிச்சாத்தான் ஆரம்பிப்பேன், இந்த வாரமே ஆரம்பிக்கணும், நீங்க பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க என்றாள். பக்குவமாகச் சொல்லுவதற்கு உலகத்தில் ஆள் இல்லாமல் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

வெளியே வந்தேன். லூர்து அக்கா கைப்பையை மடியில் வைத்து, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லக்கா. சத்து மருந்து எழுதியிருக்கா."

என் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தை நானே திரும்பிப் பார்த்தேன். ஆட்டோவில் வரும்போது உப்பளத்து வெயில் கண்ணைக் கூசியது. அவளை மாடியேற்றிவிட்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன். பின்னாலேயே படியில் ஈரத்துணி விழுகிற மாதிரி சொத்து சொத்தென்று ஒரு சத்தம் இறங்கி வந்தது. ஒவ்வொரு படிக்கும் சத்தம் கனமாகியது. வாசலுக்கு வந்தபோது அது தேங்காய் அளவு இருந்தது. என் மடியில் ஏறியபோது எலுமிச்சை அளவு.

அடுப்படியில் குழாய் புஸ் என்று சீறியது.

மூன்றாம் மாடியிலிருந்து ஜைனம்புவின் குரல் கேட்டது, "வந்துட்டு!" பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி நின்றது.

நாலு நாள். அந்த நாலு நாளும் காலனி எனக்குக் கொடுத்த மரியாதையை நான் கல்யாணப் பெண்ணாக வந்தபோதும் கொடுத்ததில்லை. பால்துரை இளநீரோடு வந்து, "நீங்களுமாம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கனி டீச்சர் வாசலில் நின்று, கேள்வி கேட்காமல் சிரித்துவிட்டுப் போனாள். இன்னாசிதான் பாவம், என் மடியைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், இரண்டு தடவை சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டார்.

"ஏட்டி, என்னட்ட எதையும் மறைக்கியா?"

"ஒம்மட்ட மறைக்கதுக்கு என்னவே இருக்கு, தட்டக் கழுவும்."

மருந்து ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில் நாலு நாள். அதை எண்ணிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கனம் சுகமாக இருந்தது. இதை எப்படிச் சொல்வது. ஐம்பத்து மூன்று வருஷம் ஓட்டைச் சட்டியாக இருந்தவளுக்கு நிரம்பியிருப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது; அதன் ஆறு கையும் என் நெஞ்சை ஆறு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தன, நான் கீழே விழவே முடியாது என்று தோன்றியது. லூர்து அக்கா பதினாலு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரிந்தது, தெரிந்து என்ன.

நாலாம் நாள் சாயங்காலம், குழாயடியில் பெண்கள் பேசிச் சிரிக்கிற நேரம், அது என் உள்ளங்கையில் கை வைத்துக் கேட்டது. தன் ஊரில் யாராவது போனால் அந்த இடம் உடனே நிரம்பிவிடும், இங்கே அப்படியே காலியாகக் கிடக்கும் என்கிறாளே லூர்து, பதினாலு வருஷமாகத் தனக்குள் அப்படி ஒரு காலி இடத்தைக் காட்டினாளே, ஒரு ஆள் அளவுக்கு. அவள் போனால் கிடக்கிற இடம் எவ்வளவு பெரிசு இருக்கும்?

கேலி இல்லை. அதற்கு உண்மையாகவே தெரியவில்லை, அளவு கேட்டது.

எழுந்தேன். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன், தண்ணீர்க் குடத்தை விடக் கனம், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன், கீழே குழாயடியில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது, அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது, ஒருத்தி கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரோ ஒரு குடத்தை அவசரமாகக் குழாய்க்கு அடியில் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

லூர்து அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மணை ஒன்று எதிரே போட்டிருந்தது.

"உக்காரு," என்றாள்.

"அக்கா, அந்த டாக்டரு சத்து மருந்துன்னு சொல்லல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் பூண்டை வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள். "நாலு நாளா மூணாம் மாடிக்குத் தண்ணி ஏறுது," என்றாள். "நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. அப்ப வேற யாருளா?"

நான் எதிரே மணையில் உட்கார்ந்தேன்.

"நீ என்னைக்கு ஏறி வருவேன்னுதான் கதவத் தொறந்து வச்சிருந்தேன். நேத்தே வருவேன்னு பாத்தேன்." அவள் கையை நீட்டினாள், இடது கையை, வலிக்க வலிக்க நீட்டி என் மடியிலிருந்ததைத் தன் பக்கம் இழுத்து, இருவர் முழங்காலுக்கும் நடுவில் வைத்தாள். "சொல்லு. பாதி சொல்லாத. ஒன் வாய்க்கு எது வருமோ அத அப்படியே சொல்லு."

நான் வாயைத் திறந்தேன், ஸ்டெல்லா காலனியில் குழாய்கள் ஒவ்வொன்றாக வாயை மூடின.